அரைகல்லில் மிஞ்சிய மாவு: கற்கால அடுக்களையை எப்படிப் படிக்கிறார்கள்?

ஆதிமனிதன் என்றதும் நம் மனதில் வருகிற படம் பெரும்பாலும் ஒன்றுதான்: கையில் ஈட்டி, எதிரே ஒரு காட்டெருமை. இந்தப் படம் பொய்யில்லை, ஆனால் பாதிதான். வேட்டையாடிய விலங்கின் எலும்பு மண்ணுக்குள் பல்லாயிரம் ஆண்டு கிடக்கும். ஈட்டிமுனைக் கல்லும் கிடக்கும். தோண்டித் தின்ற கிழங்கும், உதிர்த்து இடித்த புல்லரிசியும் மட்கிப் போய்விடும். கிடைத்ததை வைத்துத்தானே கதை சொல்ல முடியும்? அதனால் இறைச்சியின் கதை பெரிதாகிவிட்டது. மாவின் கதை பல காலம் யார் கண்ணிலும் படவில்லை.

கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளாக அந்த மறுபாதி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. அதற்குப் பெரிதும் உதவியவை, அருங்காட்சியகத்தில் நாம் நின்று பார்க்காமல் கடந்துபோகிற அரைகற்கள். கல்லின் துளைகளுக்குள் ஒட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத தாவர எச்சங்களை எடுத்து, அந்தக் கல்லில் என்ன அரைத்தார்கள் என்று சொல்கிற ஆய்வு இது.

கற்காலக் கருவிகளைப் பொதுவாக இரண்டு பெரிய வகைகளாகப் பிரிக்கலாம். ஒன்று, கல்லைத் தட்டிச் சில்லு பெயர்த்து கூராக்கிய கருவிகள்: கைக்கோடரி, கத்தி, அம்புமுனை. இன்னொன்று, கொத்தியும் தேய்த்தும் உருவாக்கியவை, அல்லது அரைத்து அரைத்தே உருவம் பெற்றவை: அடியில் வைக்கும் அரைகல், கையில் பிடிக்கும் தேய்கல், உரல், உலக்கைக்கல். நம் வீட்டு அம்மியும் குழவியும் இந்த இரண்டாவது குடும்பத்தைச் சேர்ந்தவைதான். முதல் வகைக்குத் தொல்லியலில் எப்போதும் மவுசு உண்டு. அழகாக இருக்கும், காலத்துக்குக் காலம் பாணி மாறும், வரைந்து வகைப்படுத்தலாம். அரைகல்லோ கனமான, உருவமற்ற ஒரு கல். பழைய அகழாய்வுகள் பலவற்றில் அதைப் பட்டியலில் ஒரு வரியாக எழுதிவிட்டு ஓரத்தில் வைத்தார்கள். அந்த ஒரு வரிக்குள் ஒரு குடும்பத்தின் அன்றாடச் சாப்பாடு முழுதும் அடங்கியிருந்தது.

சரி, கல்லில் மாவு எப்படி ஆயிரக்கணக்கான ஆண்டு தங்கும்? அம்மியை அன்றாடம் புழங்கியவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். அம்மி வழுவழுப்பாகிவிட்டால் மிளகாய் அரைபடாது, வழுக்கும். அப்போது உளி வைத்துக் கொத்துவார்கள். சொரசொரப்பான குழிகள் இருந்தால்தான் கல் அரைக்கும். அதே குழிகளில்தான் மசாலா சிக்கிக்கொள்ளும். எவ்வளவு கழுவினாலும் மஞ்சள் நிறம் கொஞ்சம் நின்றுவிடும். கற்கால அரைகல்லிலும் இதேதான் நடந்தது. மணற்கல், எரிமலைப் பாறை போன்ற கரடான கற்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அரைக்கும்போது எழும் அழுத்தத்தில் மாவும் நாரும் நுண்விரிசல்களுக்குள் திணிக்கப்பட்டன. மழுங்கிய பரப்பை மறுபடி கொத்தி முரடாக்கிய தடங்களும் பல கற்களில் தெரிகின்றன. அப்படிக் கொத்தும்போது பழைய எச்சம் ஓரளவு பெயர்ந்து போயிருக்கும் என்பதையும் ஆய்வாளர்கள் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

அவர்கள் தேடுகிற முக்கியமான பொருள் மாவுச்சத்துத் துகள். செடி தனக்குத் தேவையான சக்தியைச் சேமித்து வைக்கும் சிறு மணிகள் இவை. விதையிலும் கிழங்கிலும் ஏராளமாக இருக்கும். அளவு மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். அரிசியின் துகள் பெரும்பாலும் 10 மைக்ரானுக்கும் குறைவு. உருளைக்கிழங்கின் துகள் 100 மைக்ரான் வரை போகும். திறந்த மண்ணில் கிடந்தால் நுண்ணுயிரிகளும் அவற்றின் நொதிகளும் இவற்றைச் சீக்கிரம் தின்றுவிடும். கல்லின் ஆழமான விரிசலுக்குள் புகுந்த துகளை அவை எளிதில் எட்ட முடியாது. அங்கேதான் சில துகள்கள் தப்பிக்கின்றன.

இந்தத் துகள்களைப் பற்றி எனக்கு அலுக்காத விஷயம், ஒவ்வொரு செடியும் தன் பாணியில் அவற்றைச் செய்கிறது என்பது. ஒரு மையப் புள்ளியிலிருந்து அடுக்கடுக்காகத் துகள் வளர்கிறது. உருளைக்கிழங்கில் அந்த மையம் ஓர் ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கும். அவரை, பயறு இனங்களில் துகள் நீள்வட்டமாக, நடுவில் நீளவாக்கில் ஒரு பிளவுடன் இருக்கும். கோதுமையிலும் வாற்கோதுமையிலும் இரண்டு அளவுகள் கலந்து வரும்: தட்டையான வட்ட வடிவில் பெரியவை, கூடவே பொடிப் பொடியாகச் சிறியவை. அரிசியில் பலகோண வடிவச் சிறு துகள்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். மஞ்சளில் தட்டையான, நீண்ட துகள். மையப்புள்ளி குறுகிய முனைக்கு மிக அருகில்.

நுண்ணோக்கியில், ஒளியின் ஒரு திசை அதிர்வை மட்டும் விடுகிற இரண்டு முனைவாக்க வடிகட்டிகளைக் குறுக்காக வைத்தால் காட்சிப்புலம் முழுக்க இருண்டுவிடும். அந்த இருட்டில் மாவுத்துகள் மட்டும் வெள்ளையாக ஒளிரும். அதன் நடுவில் ஒரு கருஞ்சிலுவை தெரியும். வடிகட்டியைத் திருப்பினால் சிலுவையின் கைகளும் திரும்பும். துகளுக்குள் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் வருகிற விளைவு இது. சாதாரண மண்துகளுக்கு இப்படி வராது. தண்ணீரோடு சேர்த்துச் சுமார் 60 முதல் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் இந்த ஒழுங்கு குலைந்துவிடும். துகள் ஊதிப்பெருத்து, சிலுவை மங்கி, கடைசியில் மறைந்தே போகும். ஆக, துகளின் வடிவம் எந்தச் செடி என்று சொல்லும். அதன் சிதைவு, அதை அரைத்தார்களா, சூடாக்கினார்களா என்று சொல்லும். உலர்வாக அரைத்த துகளில் விரிசலும் நடுவில் பள்ளமும் காணப்படும்.

மாவுத்துகளோடு ஃபைட்டோலித் என்ற இன்னொன்றையும் தேடுவார்கள். புல்வகைகள் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி, இலையிலும் உமியிலும் கண்ணாடி போன்ற நுண்வார்ப்புகளாகப் படிய வைக்கும். தீயில் எரிந்தாலும் இவை மிஞ்சும். உமியின் ஃபைட்டோலித் கல்லில் கிடைத்தால், அந்தக் கல்லில் உமி நீக்கும் வேலை நடந்திருக்கலாம் என்று யோசிக்கலாம்.

எடுக்கும் முறையில் அவசரம் கூடாது. அகழாய்வுக் குழியில் கல் தெரிந்ததும் அதைத் தேய்த்துக் கழுவாமல், ஒட்டிய மண்ணோடு பத்திரப்படுத்த வேண்டும். ஆய்வகத்தில் முதலில் உலர்ந்த தூரிகையால் மேல்மண்ணைத் துடைத்து ஒரு மாதிரி எடுப்பார்கள். அடுத்து காய்ச்சி வடித்த நீர் விட்டுத் தூரிகையால் தேய்த்து இரண்டாவது மாதிரி. அப்புறம் கல்லை அல்லது அதன் ஒரு பகுதியை மீயொலித் தொட்டியில் வைத்து அதிர வைத்து, ஆழத்தில் சிக்கியதை வெளியேற்றி மூன்றாவது மாதிரி. மூன்றையும் ஒப்பிடுவதில்தான் முறையின் உயிர் இருக்கிறது. மேல்மண்ணில் துகள் குறைவாகவும், ஆழ்விரிசலில் அதிகமாகவும் இருந்தால், அது அரைத்தபோது திணிக்கப்பட்டது என்று நம்ப வலுவான காரணம் கிடைக்கிறது. இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகப்பட வேண்டும். கல் கிடந்த இடத்தைச் சுற்றியிருந்த மண்ணையும், கல்லின் அரைக்காத அடிப்பக்கத்தையும் இதேபோல் சோதிப்பார்கள்.

எடுத்த கரைசலில் மணலும் களிமண்ணும் கலந்திருக்கும். அதை அடர்த்தி கூடிய ஒரு திரவத்தில் கலந்து சுழற்றினால் லேசான மாவுத்துகள் மேலே மிதக்கும், கனிமத் துகள்கள் அடியில் போய்விடும். மிதந்ததை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துத் துகள் துகளாக அளந்து, படம் பிடித்து, இன்றைய தாவரங்களிலிருந்து சேகரித்த ஒப்பீட்டுத் தொகுப்போடு பொருத்துவார்கள். அந்த வட்டாரத்தின் காட்டுப்புற்களும் கிழங்குகளும் தொகுப்பில் இல்லாவிட்டால், தெரிந்த பயிரின் பெயரைத் தவறாகச் சூட்டிவிடும் ஆபத்து உண்டு. அதனால் நல்ல ஆய்வாளர் கல்லைப் பார்ப்பதற்கு முன்பே பல காலம் செடி சேகரிப்பில் செலவிடுகிறார்.

இந்தத் துறையின் பெரிய எதிரி நம்மைச் சுற்றியுள்ள மாவுதான். ஆய்வாளர் மதியம் சாப்பிட்ட ரொட்டி, காகிதம், அட்டைப்பெட்டி, கையுறைக்குள் தூவும் பொடி என எல்லாவற்றிலும் மாவுச்சத்து உண்டு. ஆலிசன் கிரௌதரும் அவருடைய குழுவினரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், தொல்மாவு ஆய்வகங்களில் பயன்படும் பொருட்களையே சோதித்துப் பார்த்தார்கள். பொடியில்லாதவை என்று விற்கப்படும் கையுறைகளில்கூட மாவுத்துகள் கிடைத்தது. மக்காச்சோளம், கோதுமை, உருளைக்கிழங்கு போன்ற இன்றைய பயிர்களின் துகள்கள் அவை. தங்கள் துறையின் பலவீனத்தைத் தாங்களே அம்பலப்படுத்திய இந்தக் கட்டுரையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். அதற்குப் பிறகு ஆய்வகக் காற்றிலும் மேசையிலும் படிகிற துகள்களையும் கண்காணிப்பது அவசியம் என்ற எண்ணம் வலுத்தது.

எச்சத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு சாட்சி, தேய்வுத் தடயம். விதை அரைத்த பரப்பும், எலும்பு தேய்த்த பரப்பும், செங்காவி பொடித்த பரப்பும் நுண்ணோக்கியில் வேறு வேறாகத் தெரியும். அதே வகைக் கல்லை எடுத்து ஆய்வாளர்களே மணிக்கணக்கில் தானியம் அரைத்துப் பார்த்து, அந்தத் தேய்வைப் பழைய கல்லின் தேய்வோடு ஒப்பிடுகிறார்கள். துகளும் தேய்வும் ஒரே செய்தியைச் சொன்னால் நம்பலாம்.

இனி ஒரு கல்லை அருகில் போய்ப் பார்ப்போம்.

1989-ல் இஸ்ரேலில், விவிலியம் படித்தவர்களுக்குக் கலிலேயாக் கடல் என்று தெரிந்த ஏரியின் நீர்மட்டம் பல மீட்டர் இறங்கியது. தென்மேற்குக் கரையில் சேற்றுக்குள் ஒரு பழைய குடியிருப்பு வெளிப்பட்டது. இன்று ஒஹாலோ 2 என்று அழைக்கப்படும் இடம் அதுதான். வயது சுமார் 23,000 ஆண்டுகள். கிளையும் தழையும் கொண்டு கட்டிய ஆறு குடிசைகளின் தரைகள், அடுப்புகள், ஒரு மனிதரின் கல்லறை. குடிசைகள் எரிந்து விதைகள் கரியாகியிருந்தன. பிறகு ஏரித்தண்ணீரும் படிவும் மூடிக்கொண்டன. காற்று புகாததால் எல்லாம் அப்படியே இருந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட தாவர வகைகள் அங்கே அடையாளம் காணப்பட்டுள்ளன. இத்தனை பழைய ஓரிடத்தில் இவ்வளவு தாவரம் கிடைப்பது அபூர்வம்.

முதல் குடிசையின் தரையில் ஒரு கருங்கல் பலகை இருந்தது. பாசால்ட் என்னும் எரிமலைப் பாறை. தரையில் அசையாமல் நிற்கும்படி கவனமாகப் பதித்திருந்தார்கள். பனாமாவிலுள்ள ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்தின் டோலோரெஸ் பிப்பர்னோ, தளத்தை அகழ்ந்த தானி நாடெல், தாவர எச்ச வல்லுநர் எஹுத் வைஸ் முதலியோர் சேர்ந்து அந்தக் கல்லின் விரிசல்களிலிருந்தும் குழிகளிலிருந்தும் மாவுத்துகள் எடுத்தார்கள். 2004-ல் வெளியான முடிவு: காட்டு வாற்கோதுமை, ஒருவேளை காட்டுக் கோதுமையும். அருகே எரிந்த கற்களும் சாம்பலும் கொண்ட ஓர் அடுப்பு இருந்தது. மாவைப் பிசைந்து அதில் சுட்டிருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

பின்னர் அதே குடிசைத் தரையில் கரிந்த விதைகள் எங்கெங்கே விழுந்து கிடந்தன என்று குறித்தார்கள். விதைகள் அரைகல்லைச் சுற்றியே திரண்டிருந்தன. கல்லைச் செதுக்கிய சில்லுகளோ வாசல் பக்கம் குவிந்திருந்தன. ஒரே குடிசைக்குள் இன்ன வேலைக்கு இன்ன மூலை என்று ஒதுக்கியிருந்திருக்கிறார்கள். வாசல் வெளிச்சத்தில் ஒருவர் கல் தட்ட, உள்ளே ஒருவர் குனிந்து அரைத்துக்கொண்டிருப்பதை இந்தப் புள்ளிவரைபடத்திலேயே பார்த்துவிட முடிகிறது.

மத்திய கிழக்கில் பயிர்த்தொழில் ஏறத்தாழ 11,500 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. ஒஹாலோவின் கல் அதைவிட 11,000 ஆண்டுக்கும் மேல் மூத்தது. விதைத்து அறுக்கத் தொடங்கிய பிறகு மனிதன் மாவு அரைக்கக் கற்றான் என்ற வழக்கமான வரிசையை இந்தக் கல் தலைகீழாக்கிவிட்டது. அரைப்பது முதலில் வந்தது. பயிர்த்தொழில் மிகவும் பிந்தியே வந்தது. யோசித்துப் பார்த்தால் இது இயல்பும்கூட. காட்டுப்புல்லின் விதை சிறியது, உமி இறுக்கமானது. அப்படியே தின்றால் பெரும்பகுதி செரிக்காமல் வெளியேறிவிடும். இடித்து, அரைத்து, சுட்டால்தான் உடம்பில் சேரும். அந்தக் கைப்பழக்கம் ஏற்கெனவே இருந்ததால்தான், பிற்காலத்தில் அந்தப் புல்லையே விதைத்துப் பராமரிக்கும் யோசனைக்குப் பயன் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

ஒஹாலோ தனி உதாரணமும் இல்லை. தென் இத்தாலியின் பாக்லிச்சி குகையில் கிடைத்த சுமார் 32,600 ஆண்டு வயதுள்ள ஒரு கல்லை மார்த்தா மரியோட்டி லிப்பி குழுவினர் ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். இடிப்பதற்கும் அரைப்பதற்கும் ஒரே கல்லைப் பயன்படுத்தியிருந்தார்கள். அதில் கிடைத்த துகள்களில் முக்கியமானவை காட்டு ஓட்ஸ். சில துகள்கள் ஊதிப்பெருத்து உருமாறியிருந்தன. அதாவது, தானியத்தை அரைப்பதற்கு முன்பே சூடாக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்துக் குளிரான தட்பவெப்பத்தில் தானியத்தைச் சீக்கிரம் உலர்த்தவும், அரைப்பதை எளிதாக்கவும் இது உதவியிருக்கும். வறுத்து அரைப்பது எத்தனை பழைய சமையல் நுட்பம் என்று எண்ணும்போது வியப்பாக இருக்கிறது. ஃபுளோரன்ஸ் அருகேயுள்ள பிலான்சினோவில் சுமார் 30,000 ஆண்டுக்கு முந்தைய கற்களில் வேறொரு மாவு கிடைத்தது: நம் ஊர்க் குளங்களிலும் வளரும் சம்பங்கோரை இனத்தின் வேர்க்கிழங்கு. பிலான்சினோக் கற்களை ஆராய்ந்த அதே ஆய்வில் ரஷ்யாவிலும் செக் நாட்டிலும் கிடைத்த கற்களிலும் தாவர மாவுத்துகள் இருந்தன. பனியுக ஐரோப்பியர் இறைச்சி மட்டுமே தின்று வாழ்ந்தார்கள் என்ற பேச்சு இதோடு ஆட்டம் கண்டது.

பசிபிக் பக்கம் போனால், பூகா தீவின் கிலு குகையில் கிடைத்த சுமார் 28,000 ஆண்டுக்கு முந்தைய கற்கருவிகளில் சேப்பங்கிழங்கின் துகள்களை டாம் லாய் குழுவினர் 1992-ல் அறிவித்தார்கள். அவை அரைகற்கள் இல்லை, செதுக்கிய கருவிகள். கிழங்கை அறுக்கவும் சுரண்டவும் பயன்பட்டிருக்கும். ஆஸ்திரேலியாவின் வடக்கிலுள்ள மாட்ஜெட்பெபே பாறைக்குகையில் அரைகல் வழக்கம் 65,000 ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போகிறது. அந்த நிலத்துக்கு உரியவர்களான மிரார் மக்களோடு சேர்ந்து நடந்த ஆய்வு அது. விதையும் பிற தாவரங்களும் அரைத்த கற்களோடு, செங்காவி அரைத்த கற்களும் அங்கே உண்டு. எல்லா அரைகல்லும் அடுக்களைக் கல் ஆகிவிடாது.

எல்லைகளையும் சொல்ல வேண்டும். துகள் இருப்பது, அந்தச் செடியைத் தொட்டார்கள் என்பதைக் காட்டும். தினமும் தின்றார்களா, எவ்வளவு தின்றார்கள் என்பதைக் காட்டாது. மருந்துக்கும் பசைக்கும்கூடச் செடியை அரைப்பார்கள். ஒரே கல்லில் பல தலைமுறை பல பொருள் அரைத்திருந்தால் எல்லாம் கலந்தே கிடைக்கும். நெருங்கிய உறவுள்ள புற்களைத் துகளை மட்டும் வைத்துப் பிரிப்பது பல சமயம் இயலாது. மொசாம்பிக்கின் ங்காலுவே குகையில் சுமார் 1,05,000 ஆண்டுக்கு முந்தைய கருவிகளில் சோளத்தின் துகள் கிடைத்ததாக 2009-ல் ஹூலியோ மெர்காதேர் அறிவித்தபோது பெரிய பரபரப்பு எழுந்தது. அந்தத் துகள்கள் உண்மையிலேயே கருவியைப் பயன்படுத்தியதால் வந்தவையா என்று மற்ற ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பிறகுதான் மண் ஒப்பீட்டின் அவசியம் எனக்கு முழுதாக உறைத்தது.

நமக்கு நெருக்கமான இரண்டு செய்திகள். ஹரியானாவிலுள்ள ஃபர்மானா என்ற சிந்துவெளிக் காலத் தளத்தில் அருணிமா கஷ்யப்பும் ஸ்டீவ் வெபரும் பானைகள், கற்கருவிகள், மனிதப் பற்கள் ஆகியவற்றிலிருந்து மாவுத்துகள் எடுத்து ஆராய்ந்தபோது இஞ்சியும் மஞ்சளும் அகப்பட்டன. 4,000 ஆண்டுக்கும் மேற்பட்ட குழம்பின் வாசனை அது என்று சொன்னால் மிகையாகாது. இன்னொன்று வியட்நாமின் தெற்கே ஓக் ஏயோ என்ற பழைய வணிக நகரம். இது வரலாற்றுக் காலத்தது, சுமார் 2,000 ஆண்டுப் பழமை. ஆனால் முறை அதேதான். அங்கே கிடைத்த 12 அரைக்கும் கற்களிலிருந்து 717 மாவுத்துகள் எடுத்தார்கள். மஞ்சள், இஞ்சி, சித்தரத்தை இனம், கிராம்பு, ஜாதிக்காய், இலவங்கப்பட்டை என்று ஒரு முழு மசாலா அதில் தெரிந்தது; அரிசியும் இருந்தது. 2023-ல் வெளியான அந்த ஆய்வில் இன்னொரு குறிப்பும் உண்டு: அங்குள்ள கால் வைத்த மணற்கல் அம்மிகள், இந்தியத் துணைக்கண்டத்தில் அதற்கு முன்பிருந்து புழங்கிய அம்மிகளின் அமைப்பை ஒத்தவை. மசாலாவோடு அதை அரைக்கும் கல்லின் வடிவமும் கடல் தாண்டியிருக்கிறது.

நம் ஊர் வயலிலோ குன்றடியிலோ நடக்கும்போது நடுவில் பள்ளம் விழுந்த பழைய அரைகல் கண்ணில் படலாம். அதை வீட்டுக்குத் தூக்கிவந்து பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டாம். கிடந்த இடத்திலேயே விட்டு, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பது தெரியும்படி படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, மாநிலத் தொல்லியல் துறைக்கோ அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கோ சொல்லுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் மண்ணைக்கூடத் தட்டிவிடாதீர்கள். ஆய்வகத்தில் முதலில் எடுக்கும் மாதிரி அதுதான்.